லிட்டருக்குப் பதினொன்று

கடந்த வியாழக்கிழமை காலை பத்தே காலுக்கு, நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, காரின் டிக்கியில் இருக்கும் கிரைண்டரை வெளியே எடுத்துவிடுவது என்று முடிவெடுத்தேன். ஆலோசனையில் கலந்துகொண்டவன் நான் ஒருவனே என்பதால் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. முப்பத்திரண்டு வருஷம் அரசாங்க அலுவலகத்தில் உட்கார்ந்து, கடைசியில் தலைமை எழுத்தராக ஓய்வு பெற்றவன் நான். எந்த முடிவானாலும் நாள், நேரம், காரணம் மூன்றையும் பதிவு செய்யாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. நாளையும் நேரத்தையும் எழுதிவிட்டேன். காரணத்தை எழுதத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும். போனில் சொன்னால் நடுவில் ஏதாவது பொய் சொல்லிவிடுவேன் என்று தோன்றியதால் தாளில் எழுதுகிறேன். இந்த ஒரு வருஷமாக உன்னிடம் போனில் நான் சொன்னதில் எத்தனை பொய் என்பதைப் படிக்கப் படிக்கத் தெரிந்துகொள்வாய்.

முதலில் காரைப் பற்றி உனக்கே தெரிந்த விஷயங்களைச் சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததை எனக்கும் தெரியும் என்று காட்டிக்கொள்வது என் வயதுக்காரர்களுக்கு ஒரு திருப்தி. சுனாமி வந்ததற்கு மறுவருஷம் நீ லீவில் வந்தபோது, நம்மிடம் இருந்த பழைய டீசல் காரை விற்க வைத்து, இந்த டர்போ டீசல் காரை வாங்க வைத்தாய். பிரான்சில் எஞ்சின்களைச் சோதித்துப் பார்க்கிற இடத்தில் வேலை செய்பவன் சொல்லும்போது, முதலியார்பேட்டையில் மறுப்புச் சொல்ல ஆள் ஏது? நானும் விடவில்லை. "டர்போன்னா ஸ்பீடு போறதுக்குத்தானேடா? அது எப்படி மைலேஜ் குடுக்கும்?" என்று கேட்டேன். அன்று சாயங்காலம் நீ எங்களைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய், காகிதக் காற்றாடி விற்கிறவனிடம் இரண்டு வாங்கி, ஒரே குச்சியில் இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாகக் குத்தினாய். இந்தப் பக்கத்துக் காற்றாடியை ஊதினாய், குச்சியோடு சேர்ந்து அந்தப் பக்கத்துக் காற்றாடியும் சுற்றியது. "இது எஞ்சின்ல இருந்து வீணாப் போற சூடான புகைப்பா. இதுல இது சுத்துது. கூடவே அதுவும் சுத்தி, வெளிக்காத்தை அமுக்கி எஞ்சினுக்குள்ள தள்ளுது. காத்து அதிகமாப் போனா அதுக்குத் தகுந்த மாதிரி டீசல் எரியலாம். அப்போ சின்ன எஞ்சினே பெரிய எஞ்சினோட வேலையைச் செய்யும்." சின்ன எஞ்சினுக்கு எடை குறைவு, உள்ளே உராய்வும் குறைவு, ஆகவே சாதாரண வேகத்தில் போகும்போது அது சின்ன எஞ்சின் அளவுக்குத்தான் குடிக்கும், தேவைப்படும்போது மட்டும் பெரிய எஞ்சினாக மாறும், அப்படி மாறுகிற நேரத்தில் பெரிய எஞ்சின் அளவுக்கே குடிக்கும் என்றாய். நான் என் பழக்கப்படி அதை ஒரு வரியில் சுருக்கினேன்: டர்போ மைலேஜைக் கூட்டும், ஓட்டுகிறவன் அதன் பலத்தை உபயோகிக்காத வரைக்கும். உன் அம்மா கடலையைத் தோல் நீக்கி வாயில் போட்டுக்கொண்டே சொன்னாள்: "அப்போ உங்கப்பாவுக்கு ரொம்பப் பொருத்தமான வண்டிதான். இருக்கிற பலத்தை என்னைக்கு உபயோகிச்சிருக்காரு?"

வண்டி வீட்டுக்கு வந்த அன்று நீ எங்களுக்கு ஒரு விதி சொல்லிக்கொடுத்தாய். தூரம் ஓட்டிவிட்டு வந்ததும் எஞ்சினை உடனே நிறுத்தக்கூடாது, ஒரு நிமிஷம் சும்மா ஓடவிட்டு அப்புறம்தான் சாவியைத் திருப்ப வேண்டும். அந்தக் காற்றாடி நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றிச் சூடேறி இருக்கும், எஞ்சினை நிறுத்தினால் அதற்குப் போகிற ஆயில் நின்றுவிடும், நின்ற ஆயில் கருகிப் பிடித்துக்கொள்ளும் என்றாய். டவுனுக்குள் மெதுவாக ஓட்டினால் இது தேவையில்லை என்றும் சொன்னாய். அந்தக் கடைசிப் பகுதியை நாங்கள் ஏட்டில் ஏற்றவில்லை. நெல்லித்தோப்பு மார்க்கெட்டுக்குப் போய்க் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு இருபது கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினாலும், வாசலில் நிறுத்திவிட்டு நானும் உன் அம்மாவும் ஒரு நிமிஷம் உள்ளேயே உட்கார்ந்திருப்போம். முப்பத்தைந்து வருஷக் குடித்தனத்தில், ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு, கையில் வேலை இல்லாமல், சீரியல் இல்லாமல் நாங்கள் தினமும் உட்கார்ந்தது அந்த ஒரு நிமிஷம்தான். நிறைய பேசினோம் என்று நினைக்காதே. "கேஸ் சொல்லணும்" என்பாள். "சொல்லலாம்" என்பேன். எதிர்வீட்டு மாடியில் புடைவை எடுக்காமல் கிடக்கிறது என்பாள். அப்புறம் அவளே டேஷ்போர்டில் தட்டி, "போதும், ஆறியிருக்கும், நிறுத்துங்க" என்பாள். டர்போ ஆறிவிட்டதை இந்த ஊரிலேயே கையால் தட்டிப் பார்த்துச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அவள்தான்.

முதல் இரண்டு வருஷமும் வண்டி லிட்டருக்குப் பதினெட்டு கொடுத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கடலூர் வரை, சில சமயம் திண்டிவனம் வரை அவளைக் கூட்டிப்போவேன். அங்கே எங்களுக்கு ஒரு வேலையும் இருக்காது. டிபன் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவோம். நேரான ரோடு, ஐந்தாவது கியர், அவசரமில்லாத கால். நீ சொன்ன சின்ன எஞ்சின் அப்படித்தான் ஓட விரும்பும் போலிருக்கிறது. நீ ஞாயிறு மதியம் ஒன்றரைக்குப் போன் செய்வாய். உனக்கு அப்போது காலை ஒன்பது. அம்மாவிடம் பேசிவிட்டு என்னிடம் வந்ததும் முதல் கேள்வி, "வண்டி எவ்ளோப்பா குடுக்குது?" "பதினெட்டு." "வெரி குட்பா. உடம்பைப் பாத்துக்கோங்க. வெச்சிடறேன்." நாற்பது விநாடி. ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்தேன், அப்புறம் பழகிவிட்டது. எனக்கு அதில் குறை இல்லை. மீதிச் செய்திகளை உன் அம்மா எனக்குச் சோறு போடும்போது சொல்லிவிடுவாள். நீ ஜுரத்தில் படுத்தது, உன் மகள் நடக்க ஆரம்பித்தது, எல்லாம் எனக்கு அவள் வழியாகத்தான் வந்தன.

உன் அம்மா போன பிறகு நீ பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் இருந்தாய். கிளம்பும்போது, "வண்டியை வெச்சிருங்கப்பா, அப்பப்போ ஓட்டுங்க, சும்மா நிறுத்தி வெச்சா கெட்டுடும்" என்றாய். வண்டியைப் பற்றித்தான் சொல்கிறாய் என்று எடுத்துக்கொண்டேன். நீ சொன்னபடி தினமும் எடுத்தேன். நெல்லித்தோப்பு வரை மூன்று கிலோமீட்டர், திரும்பி மூன்று. ஒரு ஆளுக்குத் தினமும் என்ன வாங்க இருக்கிறது? ஒரு நாள் கீரை, மறுநாள் எலுமிச்சம்பழம் என்று பிரித்து வாங்கக் கற்றுக்கொண்டேன். திரும்பி வந்து வாசலில் நிறுத்தி, விதிப்படி ஒரு நிமிஷம் உட்காருவேன். ஆனால் போதும் நிறுத்துங்க என்று சொல்ல ஆள் இல்லாததால், ஒரு நிமிஷம் எப்போது முடிகிறது என்பதில் எனக்குக் கொஞ்சம் குழப்பம் வந்தது. சில நாள் கால் மணி நேரம் ஆகும். வெயிலாக இருந்தால் ஏசி போட்டுக்கொள்வேன். வீட்டுக்குள் போனால் செய்ய வேண்டியது என்று ஒன்று இருந்தால் போயிருப்பேன். எதிர்வீட்டுக்காரர் ஒருநாள் கண்ணாடியைத் தட்டி, "இன்னா சார், யாருக்காவது வெய்ட் பண்றீங்களா?" என்று கேட்டார். "இல்ல, டர்போ ஆறணும்" என்றேன். அவர் புரிந்தமாதிரி தலையாட்டிவிட்டுப் போனார். அந்தச் சொல்லுக்கு நம் தெருவில் நல்ல மரியாதை இருக்கிறது.

ஓடாமல் நிற்கிற எஞ்சினும் டீசல் குடிக்கும் என்பதும், அந்தக் குடிக்கு ஒரு கிலோமீட்டர்கூடப் பதிவாகாது என்பதும் அப்போது எனக்கு உறைக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து டேங்க் நிரப்பிக் கணக்குப் போட்டபோது லிட்டருக்குப் பதின்மூன்று வந்தது. அந்த ஞாயிறு நீ வழக்கம்போலக் கேட்டாய், நான் உள்ளதைச் சொன்னேன். தம்பி, அதுவரை உன்னிடமிருந்து நான் கேட்டிராத ஒரு குரல் அன்று வந்தது. "பதிமூணா? எப்படிப்பா? இருங்க, இருங்க. ஏர் பில்டர் எப்போ மாத்தினீங்க? ஏத்தத்துல ஏறும்போது இழுக்குதா? விசில் மாதிரி சத்தம் வருதா?" நீ பேசிக்கொண்டே இருந்தாய். டர்போவுக்கும் எஞ்சினுக்கும் நடுவே ஒரு ரப்பர் குழாய் இருக்கிறது, அதில் விரிசல் விட்டால் அமுக்கின காற்று வெளியே போய்விடும், காற்று குறைந்தால் டீசல் சரியாக எரியாது என்று விளக்கினாய். நடுவில் உனக்கு ஒரு இருமல் வந்தது. தண்ணீர் குடித்துவிட்டு வந்தாய். நான் உன் வீட்டு டம்ளர் மேஜையில் வைக்கப்படுகிற சத்தத்தைக் கேட்டேன். முப்பத்தி நான்கு நிமிஷம். போனை வைத்த பிறகு சாப்பிட உட்கார்ந்தேன். ரசம் ஆறிப்போயிருந்தது. இரண்டு தடவை போட்டுக்கொண்டேன்.

அடுத்த வாரம் நீ கேட்டது புகையின் நிறம். கருப்பாக வந்தால் காற்று போதவில்லை, நீலமாக வந்தால் டர்போவில் ஆயில் கசிகிறது, வெள்ளையாக வந்தால் வேறு கதை. "ஆக்சிலேட்டரை நல்லா மிதிச்சுட்டு பாருங்கப்பா" என்றாய். நீ பெரிய எஞ்சினியர், ஆனால் ஒன்றை யோசிக்கவில்லை. மிதிக்க வேண்டியது முன்னால், புகை வருவது பின்னால். தனியாக இருக்கிற ஒருவனால் தன் வண்டிப் புகையைப் பார்க்க முடியாது. பழைய காரில் இப்படி ஏதாவது வந்தால் உன் அம்மா மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு பின்னால் நின்று, "ஒண்ணும் வரல! வருது! ஐயோ போதும்!" என்று கத்துவாள். நான் மிதித்துவிட்டு இறங்கிப் பின்னால் ஓடினேன். போய்ச் சேருவதற்குள் புகை கலைந்துவிட்டது. மூன்று முறை ஓடினேன். எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. உன்னிடம், "லேசா கருப்பா இருக்கிற மாதிரி தெரியுது" என்றேன். அதுதான் முதல் பொய். அதற்கு நாற்பத்தியோரு நிமிஷம் கிடைத்தது.

அதன் பிறகு நான் செய்தவற்றை மறைக்காமல் எழுதுகிறேன். நான்கு டயரிலும் காற்றைக் குறைத்தேன். நேரான ரோட்டிலும் மூன்றாவது கியரில் ஓட்டினேன். சிக்னலில் பச்சை விழுந்ததும், அறுபத்தி நான்கு வயதுக்குத் தகாத விதத்தில் ஆக்சிலேட்டரை மிதித்தேன். டர்போ விழித்துக்கொண்டு ஊய் என்று இழுக்கும், ஐம்பது அடியில் அடுத்த குறுக்குத் தெரு வந்து பிரேக் போடுவேன். நம் ஊரைக் கட்டின பிரெஞ்சுக்காரன் தெருக்களைக் கட்டம் கட்டமாகப் போட்டபோதே, இங்கே டர்போ முழுதாக விழிக்கக்கூடாது என்று திட்டமிட்டிருக்கிறான் போலிருக்கிறது. கடைசியாக, பாரம் ஏற்றினால் மைலேஜ் குறையும் என்று எங்கோ படித்து, உன் அம்மாவின் கிரைண்டரைத் தூக்கி டிக்கியில் வைத்தேன். அவள் போன பிறகு அது சமையலறை மூலையில் துணி போர்த்திக்கொண்டு சும்மாதான் நின்றது. தூக்கியதில் இடுப்புப் பிடித்துக்கொண்டு நான்கு நாள் படுத்திருந்தேன். அந்த ஞாயிறு உன்னிடம் இடுப்பைச் சொல்லவில்லை, மைலேஜைச் சொன்னேன். லிட்டருக்குப் பதினொன்று. உன் தொழிலுக்கு உதவும் என்பதால் ஒரு விவரம்: பதினொன்றில் கிரைண்டரின் பங்கு ஒன்றுமே இல்லை. ஒரு கூலியாளை வைத்து ஒருமுறை இறக்கியும் ஒருமுறை ஏற்றியும் பார்த்தேன், கால் கிலோமீட்டர் வித்தியாசம்கூட இல்லை. முக்கால்வாசி நஷ்டம் வாசலில் சும்மா உட்கார்ந்ததில் வந்தது, மீதி என் வலது காலில். ஆனாலும் கிரைண்டரை மறுபடி ஏற்றிவிட்டேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் அது டொக் என்று ஒரு சத்தம் போடும். உன் அம்மா உட்கார்ந்திருந்தவரைக்கும் ஒவ்வொரு வேகத்தடையிலும் "மெதுவா" என்பாள்.

உனக்கு இது எவ்வளவு பெரிய விஷயமாக ஆகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. என் எண்களை உன் ஆபீஸில் காட்டியிருக்கிறாய். கடலோர ஊர், வெப்பக் காற்று, அதில் ஈரம், உப்பு, இப்படிப்பட்ட காற்று டர்போவுக்குள் போனால் என்ன ஆகும் என்று ஐந்து பிரெஞ்சு எஞ்சினியர்கள் ஒரு மதியம் முழுக்க விவாதித்ததாகச் சொன்னாய். அவர்கள் நாட்டுக்காரர்கள் இருநூறு வருஷத்துக்கு மேல் இந்தக் காற்றைச் சுவாசித்துவிட்டு அதைப் பற்றி ஒரு முடிவுக்கும் வராமல் போனவர்கள். இப்போது அந்த விசாரணையை மறுபடி திறந்ததற்கு நான் காரணமாகிவிட்டேன். உன் சொல்படி உழவர்கரையில் இருக்கிற மெக்கானிக் முருகையனிடம் மூன்று முறை வண்டியை விட்டேன். மூன்றாம் முறையும் அவன் டிக்கியைத் திறந்துவிட்டான்.

"சார், இன்னா சார் இன்னும் கிரைண்டரு?"

"ரிப்பேருக்கு எடுத்துட்டுப் போறேன்."

"போன மாசமும் இதையேதான் சொன்னீங்க."

"கடை பூட்டியிருந்துது."

அவன் கையைத் துடைத்துக்கொண்டான். அப்புறம் நான்கு டயரையும் காலால் உதைத்துப் பார்த்தான். "சார், ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காதீங்க. குழாய்ல விரிசல் இல்ல. டர்போ பஸ்ட் கிளாஸா கீது. பில்டரு புதுசு. வண்டிக்கு ஒரு நோவும் இல்ல. பாரின்ல கீற தம்பிக்கு நான் போன் போட்டு சொல்லட்டுமா?"

"வேணாம் முருகையா. குழாய்ல லேசா விரிசல் இருக்கலாம்னு சொல்லியிருக்கேன்."

"இல்லாத விரிசலை நான் எங்கருந்து சார் மாத்துவேன்?" என்றான். ஆனால் மாற்றினான். நல்ல குழாயைக் கழற்றிவிட்டு இன்னொரு நல்ல குழாயைப் போட்டான். டயருக்கு மட்டும் என்னைக் கேட்காமலேயே காற்று அடித்துவிட்டான். வழியில் நிறுத்தி நான் இறக்கிவிட்டேன்.

போன ஞாயிறு நீ சொன்ன முடிவுதான் எல்லாவற்றையும் நிறுத்தியது. "இனிமே போன்ல பாத்து பிரயோஜனம் இல்லப்பா. ஜனவரில மூணு வாரம் லீவு இருக்கு. நானே வந்து டர்போவைக் கழட்டிப் பாத்துடறேன்" என்றாய். டிக்கெட்டை இருபதாம் தேதிக்குள் உறுதி செய்ய வேண்டும் என்றாய். லைன் சரியில்லை என்று நினைத்து நீ அலோ அலோ என்றாய். லைன் நன்றாகத்தான் இருந்தது. அவ்வளவு நன்றாக இருந்ததால்தான் பின்னால் உன் மகள் வந்து நின்றதும் எனக்குக் கேட்டது. அவள் பிரெஞ்சில் பேசினாள். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு பழைய ஆவணங்களில் படித்த பிரெஞ்சு, நில எல்லைகளையும் வாரிசுகளையும் பற்றி மட்டும் பேசக்கூடியது. ஆனாலும் பனி என்ற சொல் தெரியும். ஜனவரியில் பனி மலைக்குக் கூட்டிப்போவதாக நீ அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாய். அடுத்த வருஷம் போகலாம் என்று நீ சொன்னதும் எனக்குப் புரிந்தது. அவள் விடவில்லை. அழுதுகொண்டே நீளமாக என்னமோ சொல்ல ஆரம்பித்தாள். அப்போது நீ போனைக் கையால் மூடிக்கொண்டு, அவளிடம், தமிழில், என் குரலில் சொன்னாய்: "சுருக்கமாச் சொல்லு."

அவள் நிறுத்திவிட்டாள். நீயும் ஒரு காலத்தில் அப்படித்தான் நிறுத்தினாய்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா தெரியவில்லை, எனக்கு இருக்கிறது. நீ எஞ்சினியரிங் படிக்கப் போன முதல் வருஷம் ஹாஸ்டலிலிருந்து எழுதின கடிதங்கள் நான்கு பக்கம், ஐந்து பக்கம் வரும். மெஸ் சாம்பார், பக்கத்து அறைப் பையன் தூக்கத்தில் பேசுவது, லேத் மெஷினில் விரலைக் கீறிக்கொண்டது, ஊருக்கு வர வேண்டும்போல் இருக்கிறது என்று ஒரு வரி. நான் என்ன செய்தேன்? அலுவலகத்தில் கீழ்நிலை எழுத்தர்களின் குறிப்புகளைத் திருத்துகிற அதே சிவப்பு மையால், தேவையில்லாத வரிகளை அடித்து, உன் கடிதத்தையே உனக்குத் திருப்பி அனுப்பினேன். மேலே, "தேவையானதை மட்டும் எழுதப் பழகு. ஒரு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது" என்று குறிப்பு. ஊருக்கு வர வேண்டும்போல் இருக்கிறது என்ற வரியையும் அடித்திருந்தேன். லீவு தேதி தனியாக எழுதியிருக்கிறாயே, இது எதற்கு என்று நினைத்தேன். உன் அம்மா அந்தக் கவரை ஒட்டும்போது, "பிள்ளை எழுதினதை இப்படியா அடிப்பாங்க? இது என்ன டெண்டரா?" என்றாள். நான், அவன் நல்லதுக்குத்தான் என்றேன். நீ கெட்டிக்காரன், ஒரே திருத்தலில் கற்றுக்கொண்டாய். அடுத்த கடிதம் அரைப் பக்கம் வந்தது. அதற்கடுத்தது அஞ்சல் அட்டை. நான் அதை அலுவலகத்தில் காட்டிப் பெருமைப்பட்டேன்.

ஆகவே உன் நாற்பது விநாடிக்கு உன்னைக் குற்றம் சொல்ல எனக்கு ஒரு வழியும் இல்லை. நான் கேட்டதை நீ கொடுத்தாய். எனக்குத் தேவை என்று நீ நினைத்த ஒன்றே ஒன்றைக் கேட்டாய், வண்டி எவ்வளவு கொடுக்கிறது என்று. அதற்குப் பதில் சரியாக இருந்தவரை, பேசுவதற்கு வேறு என்ன இருக்கிறது என்று நம் இரண்டு பேருக்குமே தெரியவில்லை. பழுது என்று ஒன்று வந்த பிறகுதான் நமக்குப் பேச்சு வந்தது. நான் அந்தப் பழுதை ஒரு வருஷம் பத்திரமாகப் பார்த்துக்கொண்டேன். அதில் எனக்குக் கிடைத்தவற்றையும் சொல்லிவிடுகிறேன், கணக்கு நேராக இருக்கட்டும். உனக்கு இப்போது படிக்கக் கண்ணாடி வந்துவிட்டது என்று தெரிந்தது. டீசலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டரைப் பற்றிப் பேசும்போது நீ பேனாவை மேஜையில் தட்டுகிறாய் என்று தெரிந்தது. உன் அம்மா மாதிரியே, ஒரு விஷயம் பிடிபடாவிட்டால் "ப்ச்" என்று உச்சுக் கொட்டுகிறாய். அதை நான் முதல் முறை கேட்டபோது போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

உனக்கு நான் சொல்லக்கூடிய புத்தி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. சொல்கிற தகுதியும் இல்லை. ஒன்று மட்டும். அந்தக் குழந்தை எதையாவது நீளமாகச் சொல்ல வந்தால், அதில் தேவையில்லாதது எது என்று பிரிக்காதே. பிரித்துப் பிரித்து நான் எடுத்து வைத்தது ஒரு எண். மீதியை எல்லாம் சிவப்பு மையில் அடித்துவிட்டேன். அடித்ததைத் திரும்ப எழுதித் தரச்சொல்லி இந்த வயதில் கேட்பதற்கு எனக்கு வெட்கமாக இருந்தது, அதனால்தான் டயரில் காற்றை இறக்கினேன். இதைப் படிக்கும்போது உனக்குக் கோபம் வரும். வரட்டும். உன் ஆபீஸில் அந்த ஐந்து பேரிடமும் புதுச்சேரிக் காற்றின் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று சொல்லிவிடு. குற்றம் ஓட்டுகிறவன்மேல் என்று சொன்னால் அவர்களே ஒப்புக்கொள்வார்கள், எல்லா நாட்டு எஞ்சினியர்களும் கடைசியில் அந்த முடிவுக்குத்தான் வருவார்கள்.

ஜனவரியில் குழந்தையைப் பனிக்குக் கூட்டிப்போ. வராதே என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ஆகவே இப்படி எழுதுகிறேன்: வண்டியைப் பார்க்க வர வேண்டிய அவசியம் இல்லை. இருபதாம் தேதிக்கு முன்னால் உன் கைக்குக் கிடைக்க வேண்டும் என்பதால் இந்தக் கடிதத்தைச் சாதாரணத் தபாலில் போடாமல் கூரியரில் அனுப்புகிறேன். விசாரிக்கப் போனபோது கவுண்டரில் இருந்த பெண், உள்ளே என்ன இருக்கிறது என்று படிவத்தில் எழுதச் சொன்னாள். வாகனப் பராமரிப்பு ஆவணம் என்று எழுதப்போகிறேன் என்றேன். சரி என்றாள்.

வியாழக்கிழமை முருகையன் தன் ஆள் ஒருவனைக் கூட்டிக்கொண்டு வந்து கிரைண்டரை இறக்கிக் கொடுத்தான். சமையலறையில் பழைய மூலையிலேயே வைத்தோம். "இனிமே ரிப்பேரு இல்லியே சார்?" என்றான். இல்லை என்றேன். டயர் நான்குக்கும் அவனே காற்று அடித்தான். நேற்றுக் காலை டேங்கை விளிம்புவரை நிரப்பிக்கொண்டு, கடலூர் வழியாகச் சிதம்பரம் வரை போய்த் திரும்பினேன். ஐந்தாவது கியர், அறுபது கிலோமீட்டர் வேகம். டிபன் சாப்பிட்டேன். வாசலில் வந்து நிறுத்தியதும் கடிகாரத்தைப் பார்த்து ஒரே ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு எஞ்சினை நிறுத்தினேன். இன்று காலை அதே பங்க்கில் மறுபடி நிரப்பினேன். நூற்று முப்பத்தைந்து கிலோமீட்டர், ஏழரை லிட்டர்.

லிட்டருக்குப் பதினெட்டு.